இத்தாலியரின் எண்கோணக் காப்பிப் பாத்திரம்



மும்பையாயினும் டில்லியாயினும் கொல்கத்தாவாயினும், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தமிழர் குடியிருக்கும் வீடு எது என்பதை விடியற்காலையில் கண்டுகொள்வது கடினமன்று. கதவிடுக்கின் வழியே வரும் டிகாக்ஷன் மணமே வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் மூட்டை கட்டிய பாத்திரங்களுள் பல, காலப்போக்கில் பரண் ஏறிவிட்டன. ஆனால் பில்டர் மட்டும் அடுப்பங்கரையை விட்டு அகலவில்லை. வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் வங்காளமும் பேசி வளர்கையில், நம்முடையவை என்று எஞ்சி நிற்பவை எவை என எண்ணிப் பார்க்கும் பெற்றோருக்கு இந்தச் சிறு பாத்திரம் ஓர் ஆறுதலாகவும் இருக்கிறது.

இத்தாலிய நாட்டு வீடுகளில் இதே இடத்தைப் பெற்ற பாத்திரம் ஒன்று உண்டு. அதன் பெயர் மோக்கா. அடுப்பின் மேல் வைத்துக் கடுங்காப்பி இறக்குவதற்கான சிறிய அலுமினியப் பாத்திரம் அது. வேற்றூருக்குக் குடிபெயரும் இத்தாலியக் குடும்பத்தின் பெட்டியில் அதற்கு ஓரிடம் நிச்சயம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்ததுபோல் அதனை அவர்கள் போற்றுகின்றனர். ஆனால் அது தோன்றிய ஆண்டு 1933. ஒரு நூற்றாண்டு கூட நிறையாத பொருள் ஒரு மக்களின் மரபுச் சின்னமாக ஆனது எவ்வாறு? அந்த வரலாறு, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கும் சிந்தனைக்குரியது.

மோக்காவைக் காணாதவர்களுக்காக அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுவது நலம். அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. கீழே நீர் ஊற்றும் பாத்திரம். அதன் பக்கவாட்டில், அழுத்தம் அளவு கடந்தால் ஆவியை வெளியேற்றும் சிறு வால்வு. நடுவே, காப்பித்தூள் இடுவதற்குச் சல்லடை பொருந்திய புனல். அதன் தண்டு நீருக்குள் ஆழ்ந்து நிற்கும். மேலே, மூடியும் கைப்பிடியும் மூக்கும் அமைந்த மற்றொரு பாத்திரம். அதன் நடுவில் செங்குத்தாக ஒரு குழாய். மேற்பாத்திரமும் கீழ்ப்பாத்திரமும் மரையினால் இணைகின்றன. ஆவி கசியாதிருக்க இடையில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு.

நீரை வால்வுக்குக் கீழே நிற்கும் அளவில் ஊற்ற வேண்டும். தூளைச் சல்லடையில் நிரப்பி மட்டமாக்க வேண்டும்; நம் பில்டரில் செய்வதுபோல் அழுத்தலாகாது. இறுகத் திருகி, சிறு தீயில் வைத்துவிட்டால், மற்றவற்றை நெருப்பு பார்த்துக்கொள்கிறது. கீழ்ப்பாத்திரத்தில் அடைபட்ட காற்றும் நீராவியும் சூட்டினால் விரிந்து நீரை அழுத்துகின்றன. வெளியேற வேறு வழியில்லாத வெந்நீர் புனலின் தண்டு வழியே மேலேறி, தூளை ஊடுருவி, நடுக்குழாயின் வாயில் கரும்பழுப்பாகச் சுரந்து மேற்பாத்திரத்தை நிறைக்கிறது. நீர் குறைந்து ஆவி மேலேறத் தொடங்கும்போது களகளவென்று ஓசை எழும். அதுவே இறக்க வேண்டிய தருணம். இன்னும் சற்று அடுப்பில் விட்டாலும் காப்பி கருகிய சுவை பெற்றுக் கசந்துவிடும். நம் பில்டரில் நீர் தன் எடையினால் கீழிறங்குகிறது. மோக்காவில் அழுத்தத்தினால் மேலேறுகிறது. வேறுபாடு இதுவே.

இனி வரலாற்றைப் பார்ப்போம். காப்பி இத்தாலிக்குள் நுழைந்த வாயில் வெனிஸ் நகரம். கீழ்த்திசை நாடுகளோடு வாணிகம் செய்துவந்த அந்நகரத்தார் 17-ஆம் நூற்றாண்டில் காப்பியை அறிந்தனர். அடுத்த நூற்றாண்டிலேயே காப்பிக் கடைகள் அங்கு மலிந்துவிட்டன. புகழ்பெற்ற புளோரியன் காப்பிக் கடை 1720-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. வீடுகளிலோ தூளை நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, மண்டி படிந்தபின் தெளிவை இறுத்துக் குடிப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது.

இவ்வழக்கத்தை மாற்றியது பிரான்சிலிருந்து வந்த ஒரு பாத்திரம். 1819-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் தகரக் கொல்லரான மொரீஸ் என்பவர் தலைகீழாகக் கவிழ்க்கும் காப்பிப் பாத்திரம் ஒன்றைச் செய்தார். கீழறையில் நீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தை அப்படியே கவிழ்த்துவிட்டால், வெந்நீர் தூளின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். பாரிஸில் பிறந்த இப்பாத்திரத்தைத் தனதாக்கிக் கொண்டது தென்னித்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். அங்கு அதற்குக் குக்குமெல்லா என்று செல்லப் பெயரும் உண்டாயிற்று. நீர் தன் எடையால் இறங்கும் வகையைச் சேர்ந்ததாதலின், முறையை நோக்கினால் நம் பில்டருக்கு நெருங்கிய உறவு இந்தக் குக்குமெல்லாவே.

நேப்பிள்ஸ் நகரத்து நாடகாசிரியர் எதுவார்தோ தெ பிலிப்போ எழுதி 1946-இல் மேடையேறிய ஆவிகளைப் பற்றிய நாடகம் ஒன்றில், கதைத் தலைவன் தன் வீட்டு மாடத்தில் அமர்ந்து, எதிர்வீட்டுக்காரருக்குக் காப்பி இறக்கும் முறையை விரிவாக எடுத்துரைக்கும் காட்சி மிகப் பிரசித்தி பெற்றது. மணம் வெளியேறாதிருக்கப் பாத்திரத்தின் மூக்கிற்குக் காகிதக் கூம்பு ஒன்றை மாட்டி வைக்கும் நுட்பத்தையும் அவன் விளக்குகிறான். காப்பி இறங்கும்வரை பொறுத்திருப்பதே ஒரு சுகம் என்று கருதிய ஒரு வாழ்க்கைமுறை அக்காட்சியில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் வட இத்தாலியில் காலம் வேறுவிதமாக ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகளும் இரயில் நிலையங்களும் பெருகிய நகரங்களில் பொறுத்திருக்க எவருக்கும் பொழுதில்லை. 1884-ஆம் ஆண்டில் டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியின் உதவியால் விரைவாகக் காப்பி வழங்கும் பெரிய இயந்திரம் ஒன்றிற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெத்ஸேரா, கோப்பை கோப்பையாக உடனுக்குடன் காப்பி தரும் இயந்திரத்தை அமைத்தார். எஸ்பிரெஸோ என்று இன்று உலகெங்கும் வழங்கும் காப்பிக்கு அடிப்படை அது. ஆளுயரத்திற்கு நிமிர்ந்து, பளபளக்கும் உலோகத் தோற்றத்துடன் கடைமேடையில் நின்ற அவ்வியந்திரங்களை இயக்கத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. விலையோ மிக அதிகம். ஆதலால் கடுங்காப்பி என்பது கடைக்குச் சென்று, பெரும்பாலும் ஆடவர்கள், நின்றபடி அருந்தும் பானமாயிற்று. வீட்டிலிருந்த பெண்களுக்கு அது எளிதில் கிட்டவில்லை.

கடைக் காப்பிக்கும் வீட்டுக் காப்பிக்கும் இடையே இருந்த இவ்விடைவெளியை நிரப்பியவர் அல்போன்ஸோ பியாலெட்டி. 1888-இல் பிறந்த இவர், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓர்த்தா ஏரிக்கு அருகிலுள்ள பகுதியைச் சேர்ந்தவர். இளமையில் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்று, அங்கு அலுமினியத் தொழிலில் ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைத்தார். உருகிய அலுமினியத்தை உலோக அச்சுகளில் வார்க்கும் முறையை அங்கேதான் கற்றார். முதல் உலகப்போர் முடிந்த தறுவாயில் தாயகம் திரும்பி, 1919-இல் கிருசினல்லோ என்னும் சிற்றூரில் சிறு பட்டறை ஒன்றை நிறுவினார். இத்தாலியின் தேசியச் சின்னம் என்று கருதப்படும் பாத்திரத்தை ஆக்கியவர், அயல்நாட்டில் கூலிக்கு உழைத்துத் தொழில் கற்றுத் திரும்பியவர் என்பது கவனிக்கத்தக்கது.

மோக்கா தோன்றிய விதம்பற்றி ஒரு கதை வழங்குகிறது. அக்காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் துணி வெளுப்பதற்கு நடுவில் குழாய் அமைந்த அண்டா ஒன்றைப் பயன்படுத்தினர். அண்டாவின் அடியில் சோப்பு நீர் கொதிக்கும்போது, நீர் குழாய் வழியே மேலேறித் துணிகளின் மேல் பொழியும். அதனைக் கண்ட பியாலெட்டிக்கு, சோப்பு நீர் ஏறும் வழியில் காப்பி ஏறலாகாதா என்ற எண்ணம் பிறந்ததாம். லூயிஜி தெ பொந்தி என்ற பொறியாளரே இதனைக் கண்டுபிடித்தவர் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும் 1933-ஆம் ஆண்டில் பியாலெட்டியின் பட்டறையிலிருந்து மோக்கா எக்ஸ்பிரஸ் என்னும் பாத்திரம் வெளிவந்தது. பழைய வெள்ளிக் காப்பிக் கூஜாக்களை நினைவூட்டும் எட்டுப் பட்டை வடிவம் அதற்கு அமைந்தது. பட்டைகள் அழகுக்கு மட்டுமின்றிப் பயனுக்கும் உதவின. திருகும்போது கை வழுக்காது.

கடை இயந்திரத்தின் அழுத்தம் இதற்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப்பின் மிலான் நகரத்து அகீலே காஜியா விற்பனைக்குக் கொணர்ந்த நெம்புகோல் இயந்திரங்களின் வழிவந்த இன்றைய எஸ்பிரெஸோ இயந்திரத்தில் அழுத்தம் ஒன்பது பார் அளவில் இருக்கும். மோக்காவிலோ ஒன்று முதல் இரண்டு பார் வரையே. ஆகவே எஸ்பிரெஸோவின் மேல் மிதக்கும் தடித்த பொன்னிற நுரை மோக்காவில் பெரிதும் உண்டாவதில்லை. ஆயினும் பயிற்சி தேவையில்லை, பழுதாகும் உறுப்பு அதிகமில்லை, விலையும் எட்டாததன்று. கடைக்குச் செல்லாமலே அடர்த்தியான காப்பி கிடைத்தது.

பாத்திரம் பிறந்த காலமோ நல்ல காலமன்று. இத்தாலி அப்போது முசோலினியின் ஆட்சியில் இருந்தது. 1935-ஆம் ஆண்டில் அவர் எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்தார். அதன் விளைவாக உலக நாடுகளின் சங்கம் இத்தாலியின்மேல் பொருளாதாரத் தடை விதித்தது. எப்பொருளுக்கும் பிறநாட்டை எதிர்பார்க்கலாகாது என்ற கொள்கையை அரசு முழங்கத் தொடங்கிற்று. எஃகுக்கு வேண்டிய இரும்பும் நிலக்கரியும் இத்தாலியில் குறைவு. ஆனால் அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட் அப்போது அந்நாட்டின் வசமிருந்த இஸ்திரியாவில் கிடைத்தது. எனவே அலுமினியம் தேசிய உலோகம் என்று கொண்டாடப்பெற்றது. அந்த உலோகத்தால் ஆகிய மோக்காவும் தூய சுதேசிப் பொருள்போல் தோன்றியது.

ஆனால் அந்தப் பாத்திரத்திற்குள் இட வேண்டிய காப்பிக்கொட்டை இத்தாலியில் விளைவதன்று. கப்பலில்தான் வர வேண்டும். கப்பல்கள் குறைந்தபோது காப்பியும் அருகியது. போர்க்காலத்தில் வறுத்த பார்லியும் சிக்கரியும் காப்பியின் இடத்தைப் பிடித்தன. காப்பிச் செடியின் தாயகமாகிய எத்தியோப்பியாவைப் படைகொண்டு கைப்பற்றிய அரசு, தன் குடிமக்களின் காலைக் கோப்பையில் காப்பியை நிலைநிறுத்த இயலாமல் போனது. சுதேசிப் பாத்திரம் என்ற பெருமை வெறுங்கோப்பையில் முடிந்தது. போருக்கு முன்பு விற்பனையான மோக்காக்கள் ஏறத்தாழ 70,000 மட்டுமே. அவையும் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் சந்தைகளில் விற்றவை.

போர் முடிந்தபின் அல்போன்ஸோவின் மகன் ரெனாட்டோ பட்டறைப் பொறுப்பை ஏற்றார். பட்டறை செய்துவந்த பலவகைப் பாத்திரங்களை ஒதுக்கி, மோக்கா ஒன்றிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தினார். மிலான் நகரத்துப் பெரும் பொருட்காட்சிகளில் மோக்காவைப் பேருருவில் அமைத்துக் காட்டினார். 1950-களில் பால் கம்பானி என்னும் ஓவியர், கறுப்பு உடையும் பெரிய மீசையும் கொண்டு, காப்பி கேட்பவர்போல் விரலை உயர்த்தி நிற்கும் ஒரு குட்டி மனிதரை வரைந்தார். அவர் பாத்திரத்தின் பக்கத்தில் பொறிக்கப்பெற்றார். 1957-இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் விளம்பர நாடகங்கள் தொடங்கியதும், அந்த மீசைக்காரர் வீடுதோறும் விருந்தாளியானார். நாட்டில் வறுமை குறைந்து, வீடுகளில் எரிவாயு அடுப்பு பரவி, காப்பிக்கொட்டை தடையின்றிக் கிடைத்த காலமும் அதுவே. மோக்காக்கள் கோடிக்கணக்கில் விற்பனையாயின. நியூயார்க்கிலுள்ள நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பிலும் அது இடம்பெற்றது.

இந்த இடத்தில்தான் மோக்காவின் வரலாறு குடிபெயர்ந்தோர் வரலாற்றோடு கலக்கிறது. 1950-களிலும் 1960-களிலும் தென்னித்தாலியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வேலை தேடி டூரின், மிலான் முதலிய வடபுல நகரங்களுக்குச் சென்றனர். ஒரே நாட்டிற்குள்தான் சென்றனர். எனினும் பேச்சு வேறு, உணவு வேறு, குளிர் வேறு. தெற்கத்தியார் என்று இழிவாகப் பேசப்பட்டதும் உண்டு. அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்தவர்களும் உண்டு. வெளி மாநிலம் சென்ற நம்மவருள் மூத்த தலைமுறையினர் சிலருக்கு இந்த அனுபவம் புதிதாகத் தோன்றாது.

பொறுமையாகக் காத்திருக்கும் குக்குமெல்லா, விடியுமுன் ஆலைச் சங்கொலிக்கு விரைபவரின் வீட்டிற்கு ஒத்துவரவில்லை. சில நிமிஷங்களில் காப்பி தரும் மோக்கா பொருந்திற்று. காலப்போக்கில் தெற்கிலும் அதுவே பரவியது. வடக்கே மலையடிவாரத்தில் பிறந்த பாத்திரம் நேப்பிள்ஸ் வீட்டிலும் சொந்தப் பிள்ளைபோல் அமர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய இத்தாலியரோ, வடக்கத்தியார் தெற்கத்தியார் என்ற வேறுபாடின்றி, அதனை எங்கள் நாட்டுப் பாத்திரம் என்றே அறிமுகம் செய்தனர். இதில் ஓர் இழப்பும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. குக்குமெல்லா பரண் ஏறியபோது, மாடத்தில் அமர்ந்து காகிதக் கூம்பு மாட்டிக் காத்திருந்த அந்த நிதானமும் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் காப்பி என்ற உபசாரம் மறையவில்லை. பாத்திரம் மாறியது, பழக்கம் நின்றது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொத்தானை அழுத்தினால் உறைக்குள்ளிருக்கும் தூளிலிருந்து காப்பி இறக்கும் சிறு இயந்திரங்கள் வீடுகளில் பரவின. அலுமினியம் ஏற்காத காந்த அடுப்புகள் வந்தன. அவற்றுக்கென எஃகு அடிப்பாகம் கொண்ட மோக்காக்களைச் செய்ய வேண்டியதாயிற்று. 2010-இல் ஓர்த்தா ஏரிப் பகுதியிலிருந்த பழைய தொழிற்சாலை மூடப்பட்டது. ரெனாட்டோ பியாலெட்டி 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தியை ஒரு பெரிய மோக்காவின் உருவில் அமைந்த கலசத்தில் இட்டு, சொந்த ஊர்க் கோயிலில் வழிபாடு நடத்தினர். வேடிக்கைபோல் தோன்றினும், ஒரு குடும்பமும் ஒரு பாத்திரமும் எவ்வளவு ஒன்றிப் போயின என்பதற்கு அது சான்று.

இந்த வரலாற்றிற்கும் நமக்கும் நேரான தொடர்பு ஒன்றும் உண்டு. மோக்கா என்ற பெயர் இத்தாலியச் சொல்லன்று. அது யேமன் நாட்டின் செங்கடற்கரையிலுள்ள துறைமுகத்தின் பெயர். ஒரு காலத்தில் உலகிற்குக் காப்பிக்கொட்டையை அனுப்பிவைத்த துறை அது. 17-ஆம் நூற்றாண்டில் மக்கா யாத்திரை சென்று திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார், யேமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலைகளில் ஊன்றினார் என்பது நம் நாட்டு மரபுச் செய்தி. ஆகவே இத்தாலியரின் பாத்திரத்துக்குப் பெயர் தந்த நாடும், நம் மலைக்கு விதை தந்த நாடும் ஒன்றே. இன்று இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடுகளின் முன்வரிசையில் இத்தாலி நிற்கிறது. கருநாடகத்திலும் கேரளத்திலும் விளைந்த கொட்டை, இத்தாலியில் வறுபட்டு மோக்காக்களில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. தமிழர் காப்பியும் நாம் எண்ணுமளவு பழமையானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே அது நம் நடுத்தரக் குடும்பங்களில் பரவியது. காலையில் நீராகாரம் அருந்திய மக்களை இந்தப் புதுப் பானம் கெடுத்துவிட்டது என்று கண்டித்து எழுதிய பெரியோர் அன்று பலர். அவர்கள் கண்டித்த பானத்தையே இன்று நாம் மரபு என்று போற்றுகிறோம்; பிள்ளைகள் மறந்துவிடுவார்களோ என்று கவலையும் கொள்கிறோம்.

இதனால் நம் பற்று பொய்யென்று ஆகிவிடாது. பாரிஸ் தகரக் கொல்லரின் பாத்திரத்தை நேப்பிள்ஸ் மக்கள் தமதாக்கினர். பிரான்சில் கற்ற தொழிலும், யேமன் நாட்டுப் பெயரும், அயல்நாட்டுக் கொட்டையும் சேர்ந்ததை இத்தாலியர் அனைவரும் தமதாக்கினர். தாய் செய்வதை மகள் பார்த்து, தந்தை இறக்கியதை மகன் பருகி, நாள்தோறும் கைமாறி வந்ததனாலேயே அவை அவர்களுடையவை ஆயின. தனித்தூய்மை என்று அரசு முழங்கிய காலத்திலோ கோப்பையில் பார்லிக் கஷாயமே இருந்தது.

ஆதலால், புணேயிலோ அகமதாபாதிலோ வளரும் நம் பிள்ளைகள் நாளை பில்டரை விடுத்து, அடுப்பின்மேல் ஒரு மோக்காவை ஏற்றிச் சிக்கமகளூர்த் தூளில் காப்பி இறக்கினால், அதனைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. அதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர்களை அருகில் அழைத்து, பில்டரில் தூளை எவ்வளவு அழுத்துவது, வெந்நீரை எப்போது ஊற்றுவது, பாலை எந்தப் பதத்தில் இறக்குவது என்பவற்றைக் கையோடு காட்டிக் கொடுத்துவிடுவது நம் கடமை. பிறகு எந்தப் பாத்திரத்தில் இறக்கினாலும், வந்தவரை உட்காரச் சொல்லி, முதல் டிகாக்ஷனில் கலந்த காப்பியை அவருக்கு நீட்டும் வழக்கம் அந்த வீட்டில் இருக்குமாயின், அது தமிழர் வீடு என்பதை அயலார் அறிந்துகொள்வர்.